மாவு அக்காவின் ஆடுசதை

ஓடிக்கொண்டே, அடுத்த வீட்டு அடுப்பில் கொதிக்கிற சாம்பாரில் பெருங்காயம் போடவில்லை என்று மோப்பம் பிடித்து, நிற்காமலே அதை அந்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டும் போகக்கூடிய மனுஷி இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கிறார். தமிழர்களுக்கு மாவு அக்கா, மலையாளிகளுக்கு மாவு சேச்சி. ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருக்கலாம். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

வீட்டிலேயே தோசை மாவு அரைத்து, பாக்கெட் போட்டு விற்பவர். அந்த வீட்டு மாடியறையில்தான் நான் குடியிருந்தேன். பஜார் ரோட்டில் ஒரு மசாலா ஏற்றுமதி ஆபீசில் வேலை கிடைத்து, திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கிய புதிது. அக்காவின் குடும்பம் தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்டது. அவர் பேசும் தமிழில் பாதி மலையாளம். மீதிப் பாதி மலையாள ராகத்தில் வரும் தமிழ்.

அவர் ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் ஓர் ஆடு. மட்டாஞ்சேரி பஜாரில் ஆடுகள் கவுன்சிலர்களைப் போல நடமாடும். யாரும் எதுவும் கேட்க முடியாது. அப்படி ஒன்று, கொடியில் காய்ந்த அக்காவின் புதுச் சேலையை வாயில் கவ்விக்கொண்டு கிளம்பிவிட்டது. அக்கா பின்னாலேயே ஓடினார். சுக்கு மண்டி, மிளகு மண்டி எல்லாம் தாண்டிப் படகுத்துறை வரை துரத்தல். கடைசியில் ஆடுதான் முடியாமல் படுத்தது. அக்காவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"அன்னைக்குத்தான் தம்பி எனக்கு மனசிலாச்சு, எனக்கு ஓட வரும்னு. இத்தனை வயசு வரைக்கும் ஒருத்தன் சொல்லலை பாரு!"

மறுநாள் ஆடு வரவில்லை. அக்கா தனியாகவே ஓடினார். அன்றிலிருந்து தினமும் விடியும்போது மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சி கடற்கரை வரைக்கும் போய்த் திரும்புவார். நைட்டி, தோளில் ஒரு தோர்த்துத் துண்டு, காலில் கண்ணைப் பறிக்கிற பச்சை ஷூ. ஓடும்போது வாயும் ஓடும். ஒரு வீட்டுக்கு ஒரு வரி. "மீனா, உன் மாப்பிள்ளை வந்தாச்சோ?" என்று கேட்பார். மீனா பதில் சொல்லும்போது அக்கா நாலாவது வீட்டில் வேறு கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். தெருவில் யாரும் அலாரம் வைத்துத் தூங்கியதில்லை.

அவருடைய கணவர் இதற்கு நேர் எதிர். ஆட்டோ ஓட்டுகிறவர். தெரு அவருக்கு வைத்த பெயர் சைலன்சர். சவாரி ஏறுகிறவர்களிடம் 'எங்கே' என்றுகூடக் கேட்காமல் புருவத்தை மட்டும் தூக்குவார். கல்யாணமான முதல் வருஷம் அவரை ஊமை என்றே நினைத்திருந்ததாக அக்கா என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது சைலன்சர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மறுக்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு வெள்ளைக்காரர் குறுக்கே வந்தார். குறுக்கே என்றால் பின்னாலிருந்து. விடிகாலையில் ஓடும் பழக்கமுள்ள யாரோ சுற்றுலாப் பயணி. ஒட்டகச்சிவிங்கிக்குக் கால்சட்டை போட்டதுபோல உயரம். "குட் மார்னிங்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அக்காவைத் தாண்டிப் போனார். மட்டாஞ்சேரியில் அக்காவை அதுவரை யாரும் தாண்டியதில்லை. தாண்டக்கூடியவர்கள் அந்நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அக்கா நைட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாய்ந்தார். நான் சாயாக்கடையில் நின்றிருந்தேன், கண்ணால் பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கியை முந்தியும் விட்டார். முந்திய அதே நொடியில் 'டப்' என்று ஒரு சத்தம். அக்கா காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிச் சாயாக்கடைக்காரரைப் பார்த்து அலறினார்.

"ஆருடா என் காலுல கல்லு விட்டெறிஞ்சது?"

"சேச்சி, நான் சாயா ஆத்திக்கிட்டிருக்கேன்!" அவர் கையிலிருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

யாரும் கல்லெறியவில்லை. கெண்டைக்கால் சதை பிய்த்துக்கொண்டால் அப்படித்தான் பின்னாலிருந்து யாரோ அடித்த மாதிரி இருக்குமாம். வெள்ளைக்காரர் 'சாரி, சாரி' என்று ஒரு பக்கம் தாங்க, நான் மறுபக்கம் தாங்க, அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வழியெல்லாம் அக்கா வெள்ளைக்காரரிடம், "நான் ஜெயிச்சேன், கேட்டோ? ஜெயிச்ச பின்னாலதான் காலு போச்சு" என்று தமிழில் விளக்கிக்கொண்டே வந்தார். அவரும் 'யெஸ், யெஸ்' என்று ஒப்புக்கொண்டார்.

எர்ணாகுளத்தில் ஒரு பெண் டாக்டர் காலை அமுக்கிப் பார்த்து, பெரிதாக ஒன்றுமில்லை என்றார். ஆடுசதையில் சின்னக் கிழிசல்தான். ஐஸ் வைக்கணும், ஓய்வு எடுக்கணும், அப்புறம் மெல்ல நடக்கணும். ஓட்டம் கொஞ்ச நாளைக்குக் கூடவே கூடாது.

"ஆடுசதையோ?" அக்கா என்னைப் பார்த்தார். "அந்த ஆட்டுக்கும் இதுக்கும் ஏதோ பந்தம் உண்டு தம்பி."

டாக்டர் பொறுமைசாலி. "சேச்சி, மாவு புளிக்கிற வரைக்கும் நீங்க காத்திருக்க மாட்டீங்களா? அதுபோலத்தான்."

"என் மாவு ஒரே ராத்திரியில புளிக்கும் டாக்டரே. அதுபோலவே வச்சுக்கலாமா?"

டாக்டர் சைலன்சரைப் பார்த்தார். சைலன்சர் ஜன்னலைப் பார்த்தார்.

வீட்டு ஃபிரிட்ஜ் நிறைய மாவு. ஐஸ் வைக்க இடமில்லை. அதனால் அக்கா ஜில்லென்ற மாவு பாக்கெட்டையே காலில் வைத்துக் கட்டிக்கொண்டார். இது வெளியே தெரிந்ததும் வியாபாரம் ஆட்டம் கண்டது. "இது காலுல வச்சதோ, வைக்காததோ?" என்று கேட்டுத்தான் ஒவ்வொருவரும் வாங்கினார்கள். காலில் வைத்த பாக்கெட்டுகளையெல்லாம் சைலன்சர் தோசை வார்த்துத் தானே சாப்பிட்டார். மூன்று வேளையும். வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.

அக்கா ஓய்வெடுத்ததில் உண்மையான பாதிப்பு தெருவுக்குத்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஓடும்போது வீட்டுக்கு ஒரு வரியோடு தப்பித்தவர்கள் இப்போது முழு அத்தியாயம் கேட்க வேண்டியிருந்தது. பால்காரர் ஒரு தடவை மாட்டிக்கொண்டு, அடுத்த தெருவுக்குப் பால் போய்ச் சேரும்போது மத்தியானமாகிவிட்டது. மீனா சுற்றுவழியில் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். என்னிடம் நாலைந்து பேர் தனியாக வந்து, "சேச்சிக்கு காலு எப்ப சரியாகும்?" என்று கவலையோடு கேட்டார்கள். இப்படி ஒரு அக்கறையை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

வலி குறைந்ததும் அக்காவின் புத்தி வேலை செய்தது. ஒருநாள் காலை பட்டுச்சேலை, நெற்றியில் சந்தனம், கையில் தேங்காய்.

"கோயிலுக்குப் போயிட்டு வரேன் தம்பி."

சேலைக்குக் கீழே பச்சையாக ஏதோ மின்னியது. நான் கேட்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார், சுக்கு மூட்டை ஏற்றும் கைவண்டியில். மூட்டைகளுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தேங்காய் அப்போதும் கையில்தான் இருந்தது. உடைபடாத தேங்காயைச் சைலன்சர் வாங்கி உள்ளே வைத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்த முறை கிழிசல் இல்லை, சும்மா பிடித்துக்கொண்டதுதான் என்றார் டாக்டர். கொஞ்ச நாளில் கால் சரியாகவும் ஆனது. "இனி மெல்ல மெல்ல ஓடிப் பாக்கலாம் சேச்சி" என்று அவரே சொல்லியனுப்பினார்.

ஆனால் அக்கா ஓடவில்லை.

நாற்காலியும் வாசலுக்கு வரவில்லை. மாவு கேட்டு வந்தால் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். மீனாவின் மாப்பிள்ளை வளைகுடாவிலிருந்து வந்து, தெருவெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தார். அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மீனாவே பயந்துபோய் மாடிக்கு வந்து என்னிடம் விசாரித்தாள்.

நான் கீழே போய்க் கேட்டேன். அக்கா கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பேடி தம்பி" என்றார். பேடி என்றால் பயம். "ரோட்டுல காலை வச்சா 'டப்'புனு அந்த சத்தம் கேக்குது. காலுல இல்லை, காதுல. எனக்கு இந்த ஓட்டம் ஒண்ணுதான் நானா கண்டுபிடிச்சது. மத்ததெல்லாம் ஆராச்சும் குடுத்தது. இதுவும் போயிட்டா பின்னே என்ன இருக்கு? ஓடிப் பாக்காத வரைக்கும் போகலைன்னு நெனச்சுக்கலாமில்லையா?"

கிரைண்டருக்கு அந்தப் பக்கம் சைலன்சர் பாக்கெட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும்.

மறுநாள் விடிகாலையில் வாசலில் ஆட்டோ உறுமியது. சைலன்சர் பச்சை ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாடியைப் பார்த்து எனக்கும் ஒரு புருவம் தூக்கினார். இறங்கி வந்தேன்.

"ஷூவைப் போடு" என்றார் அக்காவிடம். "வண்டி முன்னால போகும். நீ பின்னால வா. ஒரு ஹார்ன் அடிச்சா ஓடணும். ரெண்டு ஹார்ன் அடிச்சா நடக்கணும். வண்டியைத் தாண்டக் கூடாது."

அக்கா மலைத்து நின்றுவிட்டார். பயத்தால் அல்ல. கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லையாம். அந்த அதிர்ச்சியில் ஷூவைப் போட்டுக்கொண்டுவிட்டார்.

எனக்கும் ஒரு பதவி கிடைத்தது. ஆட்டோவின் பின்சீட்டில் முட்டி போட்டு, பின்பக்கத்து பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக அக்காவின் காலைக் கவனித்து, நொண்டினால் உடனே சொல்ல வேண்டும். திருநெல்வேலியில் என் அப்பா என்னை பி.காம். படிக்க வைத்தது இதற்குத்தானா என்று யோசித்தபடி முட்டி போட்டேன்.

ஆட்டோ முதல் கியரில் நகர்ந்தது. அக்கா நடந்தார். மூட்டை வண்டி ஒன்று எங்களை முந்தியது. ஓர் ஆட்டுக் கூட்டம் முந்தியது. காலை நடைக்கு வந்த, கழுத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு பெரியவர் முந்திவிட்டுத் திரும்பி, "எந்து பற்றி, ஆஸ்பத்திரிக்கோ?" என்று, என்ன ஆச்சோ என்கிற முகத்தோடு துக்கம் விசாரித்தார். அக்கா எல்லாவற்றையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார்.

அப்போது சைலன்சர் ஒரு ஹார்ன் அடித்தார்.

அக்கா ஓடவில்லை. ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். ஈரத் தரையில் காலை வைக்கப்போகிறவர் மாதிரி இருந்தது. சைலன்சர் மறுபடியும் ஒரு ஹார்ன் அடித்தார். நீளமாக. யாரோ எரிச்சலோடு மாடி ஜன்னலைத் திறந்தார்கள். அப்புறம் இன்னொரு ஜன்னல். மூன்றாவது ஹார்னில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

அக்கா காலைத் தூக்கினார். வைத்தார். இன்னொரு காலைத் தூக்கினார்.

"நொண்டுதா?" சைலன்சர் திரும்பாமல் கேட்டார்.

"இல்லண்ணே!"

"சரியாப் பாரு."

"இல்லண்ணே, சத்தியமா!"

இரண்டு ஹார்ன். நடை. ஒரு ஹார்ன். ஓட்டம். இப்படியே மிளகு மண்டி வரைக்கும் வந்தோம். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, பின்னாலேயே வந்த தெருவும் பேசவில்லை. அடுத்த ஹார்னுக்கு ஓடி, மஃப்ளர் பெரியவர் பக்கமாக வந்தபோது அக்கா வாயைத் திறந்தார்.

"இந்தப் புழுக்கத்துல கழுத்துல எதுக்கு இது? வேர்க்குரு வரும் கேட்டோ!"

பெரியவர் பதில் சொல்வதற்குள் அக்கா தாண்டிப் போய்விட்டார். பின்னால் தெரு முழுக்கக் கை தட்டியது. பால்காரர் விசிலே அடித்தார். எனக்கு பிளாஸ்டிக் ஜன்னல் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. ஆட்டோ புகையால் இருக்கலாம். அந்தப் புகையைப் பற்றியும் அக்கா திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தார்.

அதன்பின் பல வாரங்கள் இந்த ஊர்வலம் நடந்தது. ஓட்டம் கொஞ்சம் கூடும், நடை கொஞ்சம் குறையும். "நடக்குறவங்களே முந்துறாங்க, மானம் போகுது. கொஞ்சம் வேகமாப் போங்க!" என்று அக்கா கெஞ்சுவார். ஆட்டோ இரண்டாவது கியருக்கு மாறாது. வற்புறுத்தினால் சைலன்சர் இன்னும் மெதுவாக ஓட்டுவார். அதற்குமேல் மெதுவாக ஓட்ட அந்த ஆட்டோவால் முடியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள், கடல் காற்று முகத்தில் அடிக்கிற அந்தக் கடைசித் திருப்பத்தில், சைலன்சர் வண்டியை இடது ஓரமாக ஒதுக்கினார். வலது கையை வெளியே நீட்டி, பின்னால் வருகிற வண்டிக்கு வழி விடுவதுபோல மெதுவாக அசைத்தார்.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. "என்ன, பெட்ரோல் தீந்துச்சோ?"

கை மறுபடியும் அசைந்தது. போ, போ.

புரிந்ததும் நைட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அக்கா கிளம்பினாரே ஓர் ஓட்டம்! ஆட்டோவைத் தாண்டும்போது உள்ளே குனிந்து, "சேட்டோ, நான் போறேன்!" என்று கத்தினார். தோர்த்துத் துண்டு தோளிலிருந்து பறந்து போனது. கடற்கரையில் நடந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். இங்கே சைலன்சர் ஹார்னில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். ஒரு போலீஸ்காரர் வந்து ஆட்டோவைத் தட்டி, என்ன விஷயம் என்று கேட்டார்.

"என் பொண்டாட்டி" என்று சைலன்சர் கடற்கரையைக் காட்டினார். போலீஸ்காரர் பார்த்துவிட்டு, ஆட்டோவை இன்னொரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார்.

இப்போது நான் கல்யாணமாகி இடப்பள்ளிப் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறேன். தொப்பை விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் மட்டாஞ்சேரி போய் அக்காவோடு ஓடுகிறேன். ஓடுகிறேன் என்பது நான் சொல்வது. அக்கா அதற்கு வேறு வார்த்தை வைத்திருக்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் மறைந்துவிடுவார். நான் புஸ்ஸு புஸ்ஸென்று மூச்சு வாங்கப் போய்ச் சேரும்போது அங்கே குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பார். "இந்த லேஸு அவுந்து அவுந்து போகுது தம்பி, இல்லேன்னா நான் எப்பவோ பீச்சுக்குப் போயிருப்பேன்" என்பார்.

அவருடைய ஷூ பட்டையை அழுத்தி ஒட்டுகிற ரகம். அதற்கு லேஸே கிடையாது.