நின்ற நேரம், காரணம்

பியானோ வாத்தியார்கள் உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம். மாணவர்களுக்குத் தேர்வு வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று தட்டைக் கீழே போட்டவர் எங்கள் பெல்ட் மாஸ்டர் ஒருவர்தான்.

நெய்வேலி மைன்ஸில் கரி போகிற கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். அவருடைய குவார்ட்டர்ஸ் கூடத்தில் பாதியைப் பழைய பியானோ அடைத்துக்கொண்டிருக்கும், மீதியில் நாங்கள் உட்காருவோம். வகுப்பு நேரம் அவர் ஷிப்டைப் பொறுத்து வாரா வாரம் மாறும். ஆரம்ப வகுப்பில் மொத்தம் ஐந்து பேர். நான்கு பேர் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள். ஐந்தாவது ஆள், முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயரான நான்.

மாதக் கடைசியில் தேர்வு. மாஸ்டர், மைன்ஸில் பெல்ட்டுக்கு எழுதுகிற மாதிரி ஒரு லாக் புக்கோடு அடுப்படிக்குள் போய்விடுவார். முகத்தைப் பார்த்தால் காது ஒழுங்காக வேலை செய்யாதாம். ஒவ்வொருவராக வாசிப்போம். பாதிப் பாட்டில் உள்ளே தட்டு விழும், இல்லாவிட்டால் டம்ளர் உருளும். "கை தவறிடிச்சிங்க" என்பார். இந்த மனுஷனை நம்பி மைன்ஸை எப்படி விட்டிருக்கிறார்கள் என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

ரிப்போர்ட் அதைவிடக் குழப்பம். மார்க்கே கிடையாது. ஓடிய நேரம், நின்ற நேரம், காரணம் என்று மூன்று கட்டம், அவ்வளவுதான். யாழினி என்கிற வாண்டு வாசித்ததில் பாதி தப்பு. அவளுக்கு, நின்ற நேரம் ஐந்து விநாடி, காரணம் மூக்கு ஒழுகல் என்று எழுதி அடுத்த வகுப்புக்கு அனுப்பிவிட்டார். தப்பு வரும்போதெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்து, கடைசியில் ஒரு பிசகில்லாமல் முடித்த எனக்கு, நின்ற நேரம் இரண்டு நிமிடம். காரணம், கௌரவம்.

தொடர்ந்து மூன்று மாதம் இதே கௌரவம், அதே ஆரம்ப வகுப்பு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் போட்டவளுக்கு ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா? போதாக்குறைக்கு என் கணவரும் ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுக் கடலூருக்குக் கிளம்பும் மாதம் வந்துவிட்டது. ஆரம்ப வகுப்பில் ஃபெயிலான டீச்சராக ஊரைவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. கடைசித் தேர்வுக்கு முந்தின நாள் போய் நியாயம் கேட்டேன்.

மாஸ்டர்தான் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"லோடோட பெல்ட் நின்னுடிச்சின்னா, கரியெல்லாம் எறக்கிட்டு மறுபடி மொதல்லேர்ந்தா ஏத்திகினு இருப்பாங்க? நின்ன எடத்துலேர்ந்து கெளப்பணும் டீச்சர். நீங்க எறக்கி எறக்கி ஏத்துறீங்க."

"அப்ப அந்தத் தட்டு?"

"பெல்ட்ட நிறுத்திப் பாக்காம எப்படிங்க டெஸ்ட் பண்றது?"

மறுநாள் வாசித்தேன். பாதியில் தட்டு விழுந்தது. விரல் பழக்கதோஷத்தில் முதல் கட்டைக்கு ஓடியது. இழுத்துப் பிடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். டம்ளர் விழுந்தது. அப்புறம் குக்கர் மூடியும் விழுந்தது. தப்பும் தவறுமாகப் பாட்டை முடித்தபோது உடம்பெல்லாம் வியர்வை. மாஸ்டர் வெளியே வந்து லாக் புக்கை நீட்டினார். நின்ற நேரம் மூன்று விநாடி. காரணம், பாத்திரம். அடியில் பாஸ் என்று எழுதிக் கையெழுத்து.

இப்போது கடலூரில் தினமும் காலையில் கீபோர்டு வாசிக்கிறேன். வீடு அவ்வளவு அமைதி. பாதிப் பாட்டில் அடுப்படிப் பக்கம் காது தானாகப் போகிறது. ஒரு தட்டாவது விழாதா என்று இருக்கிறது.