காற்றோடு மல்லுக்கு நின்ற பிசின் அண்ணன்

நாகல் நகரில் காற்றையே எதிரியாக நினைத்த ஒரே மனிதர் எங்கள் பிசின் அண்ணன்தான். ஃபேன் ஓடினாலே முறைப்பார்.

என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கடை அவருடையது. காய்ந்த பூ, குழந்தையின் பால்பல், எதைக் கொடுத்தாலும் அச்சில் வைத்து, தெளிந்த பிசினை ஊற்றி, புற ஊதா விளக்கைக் காட்டுவார். கண்ணாடிபோல் இறுகிவிடும். மேல்புறம் மட்டும் பிசுபிசுக்கும்.

எரியோட்டுப் பூக்காரம்மா ஒருவர், கல்யாணமாகிப் போகும் மகளுக்காகத் தோட்டத்து மல்லிகையைப் பதக்கமாகச் செய்யச் சொல்லி வாங்கிப்போனார். மறுநாளே பதக்கம் ஒட்டிய சேலையோடு வந்து நின்றார்.

"ஏப்பா, நான் கேட்டது பதக்கமா, எலி பிடிக்கிற பசையா? ஞாயித்துக்கெழம கல்யாணம்!"

"அதுக்குள்ள சரிபண்ணித் தந்துருவேன் ஆத்தா" என்றார் அண்ணன். எப்படி என்பதுதான் அவருக்கே தெரியாது.

அன்று மதியம் கத்திக்கொண்டு என் கடைக்கு ஓடிவந்தார். கையில் ஒரு பிசின் வில்லை. அதன்மேல் தற்செயலாக ஒட்டிக்கொண்ட டேப்பை உரித்தால், அடியில் மட்டும் வழவழவென்று இறுகியிருந்தது.

"அப்பு, குத்தவாளி சிக்கிட்டான்! காத்துல இருக்குற ஆக்ஸிஜன்தான் மேல்பக்கத்த இறுக விடமாட்டேங்குது!"

"அது இல்லாட்டி நாம செத்துருவோமேண்ணே?"

"நமக்கு வேணும்யா. பிசினுக்கு வேணாம்."

வேறொரு வில்லையைத் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தார், வெளுத்துப்போனது. சோடாவைக் குலுக்கி வாயுவைப் பிடிக்கப் பார்த்தார். நான் நனைந்ததுதான் மிச்சம். கடைசியில் பதக்கத்துக்குப் புதுப்பூச்சு பூசி, உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் அடிக்கும் டயர் கடைக்கு என்னையும் இழுத்துப்போனார்.

"தம்பி, இந்தப் பைக்கு நைட்ரஜன் அடி."

கடைக்காரர் வாசலை எட்டிப் பார்த்தார். "பைக் எங்கண்ணே நிக்குது?"

"பைக் இல்லய்யா, பை! கைல இருக்குற பை!"

பை உப்பியது. கையோடு கொண்டுவந்திருந்த விளக்கை அங்கேயே காட்டினார். பதக்கத்தை வெளியே எடுத்துத் தன் கன்னத்தில் அழுத்தினார். ஒட்டவில்லை. டயர் கடைக்காரரின் கன்னத்திலும் அழுத்திப் பார்த்தார்.

பூக்காரம்மா வந்து, பதக்கத்தைச் சேலையில் தேய்த்தார், உதறினார். பிறகு முகர்ந்தார். "எல்லாஞ் சரிதான். வாசத்தக் காணோமே?"

அண்ணன் யோசனையில் ஆழ்ந்தார். "வாசமும் காத்துல வர்றதுதானே ஆத்தா... செத்த பொறுங்க, அதையும் பாத்துருவோம்."

"போதும் சாமி!" என்று பதக்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, சிரித்தபடியே பஸ் ஏறிவிட்டார்.

போன வருஷம் அண்ணன் கோவைக்குக் குடிபோய்விட்டார். அவர் கடை பூட்டியே கிடக்கிறது. வாடகைக்கு விசாரித்து யாராவது வந்தால், "அது ராசியில்லாத கடைங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.