சிவகாசிக்கே காலண்டர் விற்ற மாப்பிள்ளை

எங்கள் பக்கம் மாமனார் வீட்டில் மாப்பிள்ளை சொல்வதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று அவர் சொன்னால், இருந்தாலும் இல்லைதான். சாம்பாரோடு நிற்கும்வரை இந்த ஏற்பாட்டால் யாருக்கும் கேடில்லை. நான் காலண்டர் வியாபாரத்தைப் பற்றிப் பேசினேன்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி. புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. சென்னையில் ஓர் இணைய விளம்பர நிறுவனத்தில் வேலை. (வேலை என்றால், கூட்டங்களில் தலையாட்டுவது.) மாமனாருக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சகம். அங்கே ஆடிப் பதினெட்டன்று அடுத்த வருஷத்து மாதிரிகளை ஆல்பமாக வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கடை ஏறி இறங்கி ஆர்டர் பிடிப்பார்கள். தீபாவளிக்குள் ஆர்டர் சேராவிட்டால் மிஷின் நிற்கும். ஆட்கள் வேறு அச்சகம் பார்த்துப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்புவது நிச்சயமில்லை.

ஆடி விருந்துக்குப் போன நான், இலையின் முன் அமர்ந்தபடியே உரை நிகழ்த்தினேன்.

"மாமா, கோயம்புத்தூர், ஈரோடு பக்கமெல்லாம் இனிமே ஆல்பத்தத் தூக்கிட்டு அலைய வேண்டாம். இணையத்துல விளம்பரம் போட்டுருவோம். எங்ககிட்ட ஒரு கருவி இருக்கு. எந்த ஊர்க்காரங்க விளம்பரத்த அழுத்துறாங்கன்னு அதுவே பாத்துக் கத்துக்கும். எங்கன அழுத்துற ஆளு ஜாஸ்தியோ, அங்கன விளம்பரத்தத் திருப்பிவிட்டுரும்."

"அதுவேவா?"

"அதுவேதான்."

மாமனார் தன் மகனைப் பார்த்தார். என் மைத்துனன் இலையைப் பார்த்தான்.

"மாப்ள சொல்லுறாகள்ல, செஞ்சிருவோம்" என்றார் மாமனார்.

கோவைப் பக்கம் போகும் ஏஜெண்ட் சங்கரலிங்கம் அண்ணாச்சியை அந்த வருஷம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். "நல்லதாப் போச்சு, எனக்கும் மொழங்கால் வலிதான்" என்றார் அவர், வலியே இல்லாத முகத்தோடு.

விளம்பரம் போட்டோம். எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று கணினியில் காட்டும் கோடு முதலில் தரையோடு கிடந்தது. பிறகு எழுந்தது. பிறகு செங்குத்தாக ஏறியது. அழுத்துபவர்கள் நாளுக்கு நாள் பெருகினார்கள். அந்தக் கோட்டை அச்செடுத்து மாமனாருக்கு அனுப்பினேன். அவர் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

ஆர்டர் மட்டும் வரவில்லை.

"கருவி இன்னும் கத்துக்கிட்டிருக்கு மாமா."

"கத்துக்கிடட்டும் மாப்ள. அவசரமில்ல."

அவசரம் இருந்தது. புரட்டாசி பிறந்துவிட்டது. மைத்துனன் போனில் தணிந்த குரலில் சொன்னான்: "மச்சான், கட்டிங் மிஷின்காரரு நாளையிலருந்து வேற பிரஸ்சுக்குப் போறேங்கிறாரு. அப்பா ராத்திரி சரியாத் தூங்குறதில்ல."

மறுநாள் விளம்பரத்தைப் பார்த்து முதல் அழைப்பு வந்தது. மாமனார் பாய்ந்து எடுத்தார்.

"வணக்கம், எந்த ஊருலருந்து பேசுறீக?"

"ஒங்க பின்னாடித் தெருதான் அண்ணாச்சி." பேசியவரும் காலண்டர் அச்சகம் வைத்திருப்பவர். "கம்ப்யூட்டரத் தொறந்தா ஒங்க கடைதான் வந்து நிக்கிது. சரி, நம்ம பிரஸ்சுக்கும் ஒரு காலண்டர் அடிச்சுக் குடுப்பீகளான்னு கேட்டேன்."

அன்றைக்குத்தான் ஊர்வாரி விவரத்தைத் திறந்தேன். (அது முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது. கோடு ஏறும்போது ஊரை யார் பார்ப்பார்கள்?) முதலிடம் சிவகாசி. அடுத்து சாத்தூர், விருதுநகர். அதன் கீழே என் சொந்த ஊரான மல்லாங்கிணறு. கோயம்புத்தூரைக் காணோம். கருவி குற்றமில்லாமல் கற்றிருந்தது: காலண்டர் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள் சிவகாசிக்காரர்கள், ஆகவே இனி அவர்களுக்கு மட்டும் காட்டுவோம்.

மைத்துனனைக் கூப்பிட்டேன். "யாருப்பா இத்தன பேரு?"

"எல்லாம் நம்ம ஆளுகதான் மச்சான். சாத்தூர்ல ஒரு கல்யாண வீட்டுல வச்சு, மாப்ள கம்ப்யூட்டர்ல விளம்பரம் போட்டிருக்காகன்னு அப்பா சொன்னாரு. அதுலருந்து பிரவுசிங் சென்டருக்குப் போறவுக எல்லாரும் ஒங்களுக்காக ஒரு அழுத்து அழுத்திட்டுத்தான் வாராக. மொய் மாதிரின்னு வச்சுக்கோங்களேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க சந்தோசமா இருந்தீக."

அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

மாமனாரும் நானும் சங்கரலிங்கம் அண்ணாச்சியும் ஆல்பங்களோடு கோவைக்குப் பஸ் ஏறினோம். போன கடையிலெல்லாம் ஒரே பதில்: "இப்பத்தானுங்க வேற ஆளுக்குக் குடுத்தோம். நீங்க வரலீங்களே. ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"ஆமாங்க, மொழங்கால்" என்றார் அண்ணாச்சி, ஒவ்வொரு கடையிலும். என் பக்கம் திரும்பவே இல்லை.

சின்னக் கடைகள் சில கிடைத்தன. அந்த வருஷம் மிஷினை ஓட வைத்தது, பின்னாடித் தெருக்காரர் தனக்கு மிஞ்சியதென்று அனுப்பிய வேலைதான். மாமனார் அடுத்தவர் காலண்டரை அடித்துக் கொடுத்தார். ஆட்கள் நின்றார்கள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சட்டம் போட்ட கோட்டை மட்டும், நான் ஊரில் இல்லாத நாள் பார்த்துக் கழற்றிவிட்டார்.

வெகு காலம் கழித்து நான் எழுதத் தொடங்கி, என் முதல் புத்தகம் வந்தது. பாராட்டுப் போன்கள் ஓயவில்லை. பெருமை தாங்காமல் மாமனாரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக மாப்பிள்ளையைக் குறுக்குக் கேள்வி கேட்டார்.

"அதுல வெளியூரு எம்புட்டு மாப்ள?"

யோசித்துப் பார்த்தேன். "ஒருத்தர் இருக்காரு மாமா. கோவில்பட்டி."

சமையலறையில் என் மனைவி சிரித்த சிரிப்பில் பாத்திரம் விழுந்தது. இன்று என் மகள்கூட, நான் எதற்காவது நெஞ்சை நிமிர்த்தினால் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறாள். சாத்தூரைத் தாண்டினால் அரை மணி நேரம்தான் என்றாலும், கோவில்பட்டி வேறு மாவட்டம் என்று வரைபடத்தோடு வாதாடிப் பார்த்துவிட்டேன். வீட்டில் இதுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.