ஆறும் வரை திறக்காத புரியாணி

பட்டுச் சேலை கட்டிக்கொண்டு இரண்டு வேலையை ஒன்றாகப் பார்க்கலாம் என்று நம்புகிறவர்களிடமிருந்து கைபேசியைப் பறித்துவிட வேண்டும். என்னிடமிருந்து யாரும் பறிக்கவில்லை.

தம்பியின் கல்யாண வரவேற்பு, கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் வீட்டருகே ஒரு மண்டபத்தில். சாப்பாட்டுப் பொறுப்பு என்னிடம். அதே மத்தியானம் எங்கள் ஆய்வுகூடத்து உலையில் நியோபியத் துண்டுகள் சூடேறிக்கொண்டிருந்தன. அணுத்துகள்களை விரட்டி ஓடவைக்கும் இயந்திரங்களுக்கு இந்த உலோகத்தில்தான் உட்குடைவான கலங்கள் செய்வார்கள். கடுங்குளிரில் தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும். அதற்குள் ஒளிந்திருக்கும் ஐதரசனை வெளியேற்ற, காற்றில்லாத உலையில் எண்ணூறு பாகைக்குச் சூடாக்கி, காற்றே படாமல் ஆறவிட வேண்டும். (சூட்டோடு காற்றுப் பட்டால் ஒட்சிசனைக் குடித்துவிட்டு அப்பளமாக நொறுங்கும்.) வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று எங்களை நம்பி முதல் தடவையாக அனுப்பிய துண்டுகள். சரியாக வந்தால் அடுத்த வருடம் நான் அங்கே போகலாம்.

உலைக்குப் பக்கத்தில் என்னோடு வேலை செய்யும் தர்ஷினி. மண்டபத்தின் பின்பக்கத்தில் சமையல்காரர் மாளிகாவத்தை ரஷீட் நானா, மாவால் வாய் ஒட்டிய புரியாணிக் கிடாரங்களோடு. மேடையில் நான், புகைப்படக்காரரின் பிடியில். ஆகவே இருவருக்கும் குரல் செய்தி அனுப்பினேன். ஒருவருக்குரியது மற்றவருக்குப் போனது.

வரிசை படிக்கட்டு வரை நீண்டும் சாப்பாடு வரவில்லை. அப்பா போய்க் கேட்டாராம். பெண்ணின் அப்பா, கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடை வைத்திருப்பவர், போய் அதட்டினாராம். நானா அகப்பையோடு கிடாரத்துக்கு முன்னால் நின்றுவிட்டாராம். கடைசியில் நான் ஓடினேன்.

“நானா, ஏன் இன்னும் திறக்கேல்ல?”

“நீங்க தானே சொன்ன, தொறக்க வாணாம் எண்டு.” என் குரலையே போட்டுக் காட்டினார்: “முழுசா ஆறும் வரைக்கும் திறக்காதேங்கோ. காத்துப் பட்டால் எல்லாம் பாழ். ஆர் வந்து கேட்டாலும் விடாதேங்கோ.”

இது இங்கே என்றால் மற்றது எங்கே? தர்ஷினியை அழைத்தேன்.

“திறந்திட்டன் அக்கா. திரும்பக் கேப்பம் எண்டு போன் எடுத்தனான், நீங்கள் எடுக்கேல்ல. ‘போதும், திறந்து விடுங்கோ, ஆக்கள் பாத்துக்கொண்டிருக்கினம்’ எண்டு சொன்னீங்கள். வெளிநாட்டு ஆக்கள் வந்திட்டினமாக்கும் எண்டு நினைச்சன். துண்டெல்லாம் வெள்ளையா உரியுது அக்கா.”

வெங்காய மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து அழுதேன். வெங்காயத்தின் காரம் என்று நினைத்த நானா, தள்ளி இருக்கச் சொல்லி ஒரு கதிரை போட்டார்.

புரியாணி ஆறிப்போய்த்தான் பந்திக்கு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மிகவும் பண்பாகப் பதில் எழுதினார்கள்; அதன்பிறகு ஒரு துண்டும் அனுப்பவில்லை. நான் இன்னும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறேன்.

தம்பியின் மாமியார் வீட்டில் நான் பார்க்கும் வேலையை ஒருமுறை விளக்கப் பார்த்தேன். உலை என்றதுமே எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால் மாமி சொல்வாராம்: “மாப்பிள்ளையின்ர அக்காவோ? அவ கேட்டரிங் செய்யிறவ. ஆனா ஓடர் மட்டும் குடுத்திடாதேங்கோ.”