பாலத்தடிக் கம்பளம்

பெருமதிப்பிற்குரிய அத்தை பாவ்க்யே அவர்களுக்கு, மருமகன் யெல்மர் பணிவுடன் எழுதுவது.

இங்கு நானும் தங்கள் மகள் ஃபெம்கெயும் நலம். தங்கள் நலமும் தங்கள் இடது முழங்காலின் நலமும் அறிய ஆவல். தொலைபேசியில் பேசினால் நடுவில் குறுக்கிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை ஏழரை மணிக்கு எங்கள் ஊர் ஐஸ் சறுக்குச் சங்கத்தின் செயற்குழு, சங்க வரலாற்றில் இடம்பெறத்தக்க ஒரு முடிவை எடுத்தது. ஆதரவு ஆறு, எதிர்ப்பு இல்லை, ஒருவர் கழிப்பறையில். முடிவு இதுதான்: தேவாலயப் பாலத்தடியில் கம்பளம் விரிப்பது.

பாலத்தின் நிழலில் ஐஸ் எப்போதும் மெலிசு என்பதும், கால்வாயில் சறுக்கி வருபவர்கள் அங்கே கரையேறி, காலில் ஸ்கேட்டோடு கம்பளத்தின்மேல் நடந்து, பாலத்தைத் தாண்டி மறுபடி ஐஸில் இறங்க வேண்டும் என்பதும் தங்களுக்குத் தெரியும். தங்கள் முழங்கால் போனதே அப்படியொரு கம்பளத்தின் ஓரம் தடுக்கித்தான்.

பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு கால்வாய் உறைந்திருக்கிறது. சங்கத்தில் ஐஸைத் துளைத்து அளப்பவன் நான். பன்னிரண்டு சென்டிமீட்டர் இருந்தால்தான் ‘சறுக்கலாம்’ என்று கொடி ஏற்றலாம். தலைவர் சீட்ஸெ என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவுய்யா?”

“பதினொண்ணரை.”

“நல்லா அழுத்திப் பாரு.”

“அழுத்துனா ஐஸ் வளருமா?”

“அளவுகோல அழுத்துய்யா.”

அழுத்தினேன். பன்னிரண்டு. கொடி ஏறியது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். ரொட்டிக்கடை அவுகெ ‘ஐஸில் இருக்கிறேன்’ என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போய்விட்டான். பாதிரியார் புதன்கிழமைப் பிரசங்கத்தை நான்கு நிமிடத்தில் முடித்தார். ஆமென் சொல்லும்போதே காலில் ஸ்கேட் மாட்டியிருந்தார் என்று முன்வரிசைக்காரர்கள் சொல்கிறார்கள். தண்ணீர் அசையாமல் உறையட்டும் என்று, இந்தக் கால்வாய்த் தண்ணீரை இழுக்கும் தங்கள் தெருமுனை நீரேற்று நிலையத்தையே நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அதைவிட என்ன வேண்டும்.

சங்கத்துக் கம்பளங்களைக் கொட்டகையிலிருந்து எடுத்துப் பார்த்தால், பதின்மூன்று வருடத்தில் எலிகள் அவற்றை முழுமையாகப் பயன்படுத்தியிருந்தன. ஆகவே செயற்குழு உறுப்பினர்கள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. சீட்ஸெ ஒரு கால்மிதியைக் கொண்டுவந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“உங்க வீட்டுல ஒரு சிவப்புக் கம்பளம் கெடக்குமே.”

“அது மாமியார் கல்யாணத்துக்குக் குடுத்தது.”

“மாமியார் மேலயா நடக்கப் போறோம், கம்பளத்து மேலதானே.”

அத்தை, இந்தப் பேச்சை நான் வன்மையாகக் கண்டித்தேன். கண்டித்துவிட்டுத்தான் கம்பளத்தைச் சுருட்டினேன். ஃபெம்கெ அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். எலும்பு முறிவுப் பிரிவில் நர்ஸ் என்பதால், ஐஸ் வந்துவிட்டால் ஊரில் வேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான். பாதி கரையில், பாதி ஐஸில் என்று அழகாக விரித்தோம். ஒரே நாளில் நானூறு பேர் ஏறி இறங்கினார்கள். காலோடு வந்த தண்ணீர் ஊறி, இரவில் உறைந்து, காலையில் கம்பளமும் கால்வாயும் ஒன்றாகியிருந்தன. கடப்பாறையால் நெம்பினோம், கடப்பாறை வளைந்தது. சூடாக எதையாவது ஊற்றலாம் என்றான் அவுகெ. சூடாக இருந்தது பட்டாணி சூப் மட்டுமே. ஒரு பானை ஊற்றினோம். இப்போது சூப்பும் உறைந்திருக்கிறது.

ஃபெம்கெ வந்து ஹாலைப் பார்த்தாள்.

“ஏங்க, கம்பளம் எங்க?”

“வெளில இருக்கு.”

“காயப் போட்டிருக்கீங்களா?”

“அதுக்கு நேர் எதிர்.”

விஷயத்தைச் சொன்னேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். “வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு எனக்குப் பொறந்தநாள். அம்மா வருவாங்க. நாற்காலிய வட்டமாப் போட்டு எல்லாரும் நடுவுல இருக்குற தரையத்தான் பாத்துக்கிட்டு காபி குடிப்பாங்க. அம்மா குனிஞ்சு கம்பளத்து ஓரத்தத் தடவிப் பாக்காம கேக்கைத் தொடமாட்டாங்க. அன்னைக்குக் கம்பளம் இங்க இருந்தா நானும் இங்க இருப்பேன். இல்லன்னா அம்மாவோட கார்லயே ஏறிடுவேன்.”

இதுதான் என் நிலை. ஊரே குளிர் நீடிக்க வேண்டும் என்று பிரார்த்திக்கிறது. நானும் சங்கத்தின் சார்பில் அவர்களோடு சேர்ந்து உரக்கப் பிரார்த்தித்துவிட்டு, மருமகன் என்ற முறையில் அதற்கு எதிராக மனதுக்குள் இன்னொன்று போட்டு வைக்கிறேன். கடவுள் தலைகளை எண்ணித் தீர்ப்புச் சொல்பவரானால் எனக்கு வாய்ப்பில்லை. இன்னும் பத்து நாள் உறைபனி என்கிறார்கள் வானிலைக்காரர்கள்.

ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து, ஐஸ் உருகும்வரை முழங்காலைக் காரணம் காட்டி வருகையைத் தள்ளிப்போட்டால் தங்கள் மகள் என்னோடு இருப்பாள். கம்பளத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அவ்வளவு பத்திரமாக அது நம் வீட்டில்கூட இருந்ததில்லை. இருக்கும் இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகராது. அதற்கு நான் பொறுப்பு.

தங்கள் முழங்கால் நீடூழி வாழ்க. தங்கள் ஆசியை நாடும்,
யெல்மர் ஹூக்ஸ்ட்ரா
(செயற்குழு உறுப்பினர்)

பி.கு.: தபால்காரரும் ஐஸில் இருந்ததால் இக்கடிதம் நான்கு நாள் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. சனிக்கிழமை காற்று தென்மேற்குக்குத் திரும்பியது. அன்று முதல் மழை. ஐஸ் உடைந்து, பாலத்தடி காலியாக இருக்கிறது. நேற்று மதியம் தங்கள் தெருமுனை நீரேற்று நிலையத்தை மறுபடி ஓடவிட்டார்கள். இன்று காலை ஒன்பது மணிக்கு அது நின்றுவிட்டது. சல்லடையில் சிவப்பாக ஏதோ சிக்கியிருக்கிறதாம். அதில் பட்டாணி இருக்கிறதாம்.