வராத கழிச்சல்

கோழிகளுக்குக் கழிச்சல் கண்டுவிட்டது என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவன் முடிவு செய்தான். வேறு வழி தெரியவில்லை. மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினாறு நாளாகிறது.

கொட்டகையில் மூவாயிரம் கறிக்கோழிகள். அத்தனையின் வயிறும் அவள் பொறுப்பு. குடலுக்கு நல்லது செய்யும் கிருமிப் பொடியைத் தீவனத்தில் கலப்பவள் அவள். தண்ணீர்த் தொட்டியில் அமில மருந்தை அளந்து விடுபவள் அவள். உமிப் படுக்கையில் குந்தி உட்கார்ந்து, எச்சத்தைக் காலைச் செய்தி போல வரிவரியாகப் படிப்பவளும் அவள்தான். அவன் மூட்டை தூக்குவான். மின்விசிறி போடுவான். கருத்துச் சொல்லுவான்.

அக்காவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. வழியனுப்பும்போது, "நான் பார்த்துக்க மாட்டேனா?" என்று நெஞ்சை நிமிர்த்திவிட்டான். இப்போது அக்கா கடைக்கே நடந்து போகிறாளாம். ஆனாலும் ‘வா’ என்று எப்படிக் கூப்பிடுவது? நிமிர்த்திய நெஞ்சை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கொடியில் அவள் துண்டு தொங்கியது. அவன் அதைத் துவைக்கவுமில்லை, எடுக்கவுமில்லை. கொட்டகை வாசலில் அவளுடைய ரப்பர் செருப்பு. காலையில் கதவைத் திறந்ததும் மூவாயிரம் தலைகளும் நிமிரும். வந்தது அவன்தான் என்று தெரிந்ததும் குனிந்துகொள்ளும். அந்தக் குனிதலைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பொடியை நிறுத்தினால் கழிச்சல் நிஜமாகவே வந்துவிடும். கரண்டியோடு சற்று நேரம் நின்றான். மனம் வரவில்லை. அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த வயிறு. கடைசியில் ஒரு வாளித் தண்ணீரை உமியில் ஊற்றி, படம் எடுத்து அனுப்பினான்.

நிமிஷத்தில் போன் வந்தது.

"என்னங்க, சதசதன்னு இருக்கு?"

"கழிச்சல். நேத்திலேர்ந்து."

"ஐயையோ."

"எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீ வந்து ஒரு தடவை பார்த்தா..."

"வர்றது இருக்கட்டும். முதல்ல தண்ணிக் குழாயெல்லாம் கழுவுங்க. மருந்து விட்டு ஊறவச்சு, கோழி கொத்திக் குடிக்கிற நிப்பிளை ஒவ்வொண்ணா அழுத்திப் பாருங்க."

முந்நூறு நிப்பிள். அழுத்தினான்.

மறுநாள், "குறைஞ்சுதா?"

"இல்லையே. நீ வந்தா..."

"ஈர உமியை வாரிட்டுப் புதுசு போடுங்க. பொடியைக் கையாலேயே பிசிறிக் கலக்குங்க. கரண்டி வேண்டாம், கட்டி தட்டும்."

அதற்கு மறுநாள் நூறு கோழிகளைப் பிடித்து எடை போடச் சொன்னாள். அவன் முதுகு இரண்டாக மடிந்தது. கோழிகள் பளபளவென்று இருந்தன. அவன் உள்ளே போனால் இப்போது குனியவில்லை, காலைச் சுற்றிக்கொண்டன. எரிச்சலாக வந்தது. இன்னொரு வாளி ஊற்றிப் படம் அனுப்பினான்.

"இப்படித் தெரியலங்க," என்றாள் அவள். "காகிதம் விரிச்சு, அதுல விழுற எச்சத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்க."

இங்கேதான் மாட்டிக்கொண்டான். எச்சம் கெட்டியாக, உச்சியில் வெள்ளையாகத் தொப்பி வைத்துக்கொண்டு விழுந்தது. குடல் இருக்க வேண்டிய லட்சணத்தில் இருந்தது. விரலால் தண்ணீர் தெளித்துப் பார்த்தான். காகிதம் கரைந்தது, எச்சம் அசையவில்லை. அதையே அனுப்பினான்.

போனில் முதலில் அக்காவின் சிரிப்புக் கேட்டது. "தம்பி, போதும் தம்பி! இதுக்கு மேல சிரிச்சா என் கால் தையல் பிரிஞ்சுடும்."

பிறகு மனைவி பேசினாள். "முத நாளே தெரியுங்க."

"எப்படி?"

"கழிச்சல் ஈரம்னா கோழி ஒதுங்கி நிக்கும். உங்க படத்துல ஏழெட்டுக் கோழி அதுல நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

"தெரிஞ்சேவா முந்நூறு நிப்பிளை அழுத்த வச்ச?"

"எட்டு வருஷமா நான் அழுத்தறேன்ல. விரல் எப்படி வலிக்கும்னு ஒருத்தருக்காவது தெரியட்டுமே."

 விரல் நிஜமாகவே வலித்தது. தீவனத் தட்டுகளில் அலகுகள் டொக்டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டது.

"வந்துடேன்," என்றான்.

"என்ன? கேக்கல."

"வந்துடு. கோழிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். எதைத் தின்னாலும் உள்ளே இறங்க மாட்டேங்குது."



"பையை எடுத்து வச்சு அஞ்சு நாளாச்சுங்க," என்றாள். "இந்த ஒரு வார்த்தைக்குத்தான் உட்கார்ந்திருந்தேன்."

"அப்ப மத்தியான வண்டிக்கே ஏறு! நான் ஸ்டேஷனுக்கு வர்றேன்."

"ஏறலாம்னுதான் இருந்தேன். நேத்து நீங்க அனுப்பின எடையைப் பார்த்தேன். நான் கலந்து போட்டு ஒரு தடவைகூட இந்த வயசுல இவ்வளவு வந்ததில்ல."

அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "அதுக்கென்ன இப்போ?"

"உங்க கைக்குப் பழகின வயிறுங்க அது. நடுவுல நான் வந்து கை மாத்தினா நிஜமாவே கழிச்சல் வந்துடும். கோழி லாரியில ஏறட்டும், அன்னிக்கே நான் இங்க வண்டி ஏறிடறேன்."

"அதுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கே!"

"ஆமாங்க, எனக்கும்தான் கஷ்டமா இருக்கு," என்றாள் அவள். "சரி, போனை வைங்க. பொடி கலக்குற நேரமாச்சு."