குரல் கொடுக்காத குடங்கள்

சொல்லாமல் செய்வது எப்போது குற்றமாகிறது? அடுத்தவன் செய்யும்போது மட்டுமா? தண்டையார்பேட்டைக் கோதண்டத்தின் வாழ்க்கையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி தானாகவே எழும். அவருக்கு மட்டும் எழவில்லை.

நான் சொல்ல வருவது டீக்கடை வெளியுறவு அமைச்சர் என்ற இனத்தைப் பற்றி. உங்களுக்குத் தெரிந்த இனம்தான். பாஸ்போர்ட் கிடையாது, அரக்கோணத்தைத் தாண்டியதும் கிடையாது. ஆனால் எந்த நாட்டு அதிபர் எந்த நாட்டு அதிபரைப் பார்த்துச் சிரித்தார், சிரிக்கும்போது மனதில் எதை நினைத்தார், கைகுலுக்கிய பிறகு ஏன் வேட்டியில் துடைப்பதுபோலக் கோட்டில் கையைத் துடைத்தார் என்பதெல்லாம் அத்துப்படி. மற்றவர் மனசு இவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். உள்ளே இருப்பதைப் பார்த்தே சர்க்கரை எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். 'தெரியாது' என்ற சொல்லை இந்த இனம் உச்சரித்ததற்குச் சான்று இல்லை.

கோதண்டத்துக்குத் துறைமுகத்தில் சரக்குச் சரிபார்க்கும் வேலை. தினமும் கப்பலைப் பார்க்கிறவர் என்பதால் டீக்கடை பெஞ்சில் அவருக்குத் தனி மதிப்பு. ஒரு கப்பலுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால், "ஏதோ நடக்கப் போவுது" என்பார். பெயிண்ட் உரிந்திருந்தால், "ஏதோ நடந்துகீது" என்பார். இரண்டும் பொய்த்ததில்லை. உலகத்தில் எப்போதும் ஏதோ நடக்கத்தானே செய்கிறது?

தண்ணீர்ப் பஞ்சம் தலைவிரித்தாடிய இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். எங்கோ தூரத்தில் ஒரு நாடு, பக்கத்து நாட்டுக்குச் சொல்லாமல் அதன் எல்லையோரம் கடற்படை ஒத்திகை நடத்திவிட்டது. பக்கத்து நாடு தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தது. பேப்பரில் அரைப் பக்கச் செய்தி. டீக்கடையில் ஒரு வாரத்துப் பிழைப்பு.

"ஒத்திகை நடத்தறது தப்பில்ல மாமே," என்றார் கோதண்டம். "பக்கத்தூட்டுக்காரனுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுச் செய். சொல்லாம கொள்ளாம செஞ்சா அது ஒத்திகை இல்ல, சண்டை!"

"கரெக்டா சொன்ன அண்ணாத்தே," என்று தலையாட்டினார் தமீம். காசிமேட்டில் மீன் ஏற்றும் ஆட்டோ ஓட்டுபவர், கோதண்டத்தின் எதிர்வீடு. அந்தத் தலையாட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் சந்தில் ஒரு சட்டம் இருந்தது. மெட்ரோ வாட்டர் லாரிக்காகக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உள்ளே போகலாம். காற்றில் பறக்காமல் குடத்துக்குள் ஒரு கல். குடம் நின்றால் ஆள் நின்றது போல. ஆனால் வைக்கும்போது, "குடம் போடறோம்!" என்று சந்துக்கே கேட்கக் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காத குடத்தை யார் வேண்டுமானாலும் தள்ளி வைக்கலாம். ஐக்கிய நாடுகள் சபையில்கூட இவ்வளவு தெளிவான சட்டம் இருக்குமா என்பது சந்தேகம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமீமின் மகள் ஜஸீமாவுக்கு நிக்காஹ். வாசலிலேயே பந்தல், வாசலிலேயே பிரியாணி. தனியார் லாரிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். சனிக்கிழமை மெட்ரோ லாரியைக் கோட்டைவிட்டால் அண்டா காய்ந்துதான் கிடக்கும். தமீமின் மனைவி ஜெரினா இதற்கென்றே ஒரு பெரிய டிரம்மை இரவல் வாங்கி வைத்திருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோதண்டம் வாசலில் நின்று விசில் ஊதினார். இரண்டு இடுப்பிலும் குடத்தோடு மனைவி பூவம்மா பாய்ந்து வந்தார். பின்னால் மகள்கள் இருவரும் டிரம்மை உருட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். கோதண்டம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இதுவரை பிரச்சினை இல்லை. ஆனால் லாரி சில சமயம் நாள் மாறியும் வரும், அதன் கிளீனரும் சந்துக்குள் நுழையும்போது விசில்தான் ஊதுவார்.

சந்தே ஓடிவந்தது. சோப்பு நுரையோடு ஒருவர், ஒற்றைச் செருப்போடு இன்னொருவர். அடுப்பில் வெங்காயத்தைக் கருகவிட்டு டிரம்மோடு வந்த ஜெரினா மீது யாரோ மோத, அந்த இரவல் டிரம் உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்து நசுங்கியது.

"லாரி எங்க?"

"லாரி இல்ல. ஒத்திகை," என்றார் கோதண்டம்.

தமீம் அருகில் வந்தார். "சொல்லாம செஞ்சா ஒத்திகை இல்ல, சண்டைன்னு டீக்கடைல ஒருத்தர் சொன்னாரே அண்ணாத்தே. அச்சு அசல் உன் மூஞ்சிதான்!"

"அது கடல், இது சந்து. என் வூட்டு வாசல்ல, என் குடத்த இஸ்துகினு நான் ஓடறேன். எவனையாவது அடிச்சேனா?"

மறுநாள் பேப்பரில் அந்தத் தூர நாடு கொடுத்த விளக்கமும் இதேதான். எங்கள் கடல், எங்கள் கப்பல். கோதண்டம் அதைப் படித்துவிட்டு, "இன்னா திமிரு பாரு!" என்றார்.

உறவு முறிந்தது. பூவம்மா குழம்பு கொடுத்தனுப்பிய கிண்ணத்தை ஜெரினா வெறுங்கிண்ணமாகத் திருப்பி அனுப்பினார். அந்தச் சந்தில் கிண்ணம் வெறுமையாகத் திரும்பியதே இல்லை. தூதரைக் கூப்பிட்டுக் கண்டிப்பதெல்லாம் அதற்கு முன்னால் கொஞ்சல்.

"உலகமே தெரியுது உனக்கு," என்றார் பூவம்மா. "எதிர்வூட்டு ஜெரினா மூஞ்சி தெரியலியா? பொண்ணு கல்யாணம்யா!"

"நீ கம்முனு கெட. தமீம் இன்னா பண்ணுவான்னு எனக்குத் தெரியும். சனிக்கெழம ஆட்டோவக் குறுக்க வுட்டு லாரிய அவன் வாசல்லியே மடக்குவான். பாத்துகினே இரு."

அடுத்தவன் நோக்கத்தை அறிவதே அறிவு என்று ஒரு கட்சி, தன் நோக்கத்தை அறிவதே அறிவு என்று எதிர்க்கட்சி. கோதண்டம் முதல் கட்சியின் ஆயுட்கால உறுப்பினர்.

சனிக்கிழமை காலை விசில் கேட்டது. நிஜ விசில். தமீம் ஆட்டோவைக் குறுக்கே விடவில்லை. லாரி உள்ளே வர வசதியாகச் சந்துக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார். பயிற்சி பெற்ற படை மட்டும் சொன்னபடி செய்தது. கோதண்டத்தின் குடங்கள்தான் முதலில். கடைசியில், சொட்டை விழுந்த டிரம்மைப் பிடித்தபடி ஜெரினா. யாரிடமும் அவர் எதுவும் கேட்கவில்லை.

"கால் லாரிதான் கீது. முன்னாடி கீறவங்க புடிங்க!" என்று கிளீனர் குழாயைக் கோதண்டத்திடம் நீட்டினார்.

கோதண்டம் குழாயை வாங்கவில்லை. தன் குடங்களை ஒவ்வொன்றாக வரிசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். பின்னால் நடந்துபோய், ஜெரினாவின் கையிலிருந்து டிரம்மை வாங்கி, உருட்டிக்கொண்டு வந்து, காலியான தன் இடத்தில் நிமிர்த்தி வைத்தார். பிறகு தன் குடங்களோடு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். குரல் கொடுக்கவில்லை. தண்ணீர் அவர் வரைக்கும் வரவில்லை.

"இன்னாய்யா இது? எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னியா?" என்றார் பூவம்மா.

"ஏன் அண்ணாத்தே?" என்றார் தமீம்.

கோதண்டம் குடத்துக்குள் கிடந்த கல்லை எடுத்துத் துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். டீக்கடையில் அதன் பிறகு எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டார்கள். உலகத்துக்கே விளக்கம் சொன்ன மனிதர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வாரே தவிர, இதற்கு மட்டும் வாய் திறந்ததில்லை.

உங்களுக்குக் காரணம் புரிந்துவிட்டது, இல்லையா? பிரியாணி ஆசை, மனைவிக்குப் பயம், கணிப்பு பொய்த்த வெட்கம், இதில் எது என்று இப்போதே சொல்லிவிடுவீர்கள், இல்லையா? ஜாக்கிரதை. பெஞ்சில் உங்களுக்கு இடம் போட்டாகிவிட்டது.